பக்கத்து வீட்டு அம்மா

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், எழுபதுகளின் கடைசி வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் எழுபதுகளின் கடைசியில் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவர்கள். மேடையில் நின்று வாசிப்பவர் ஒருவர்தான். எழுதியவர்கள் பதினொரு பேர். உரை நன்றாக இருந்தால் பதினொரு பேரும் பங்கு கேட்போம். நன்றாக இல்லையென்றால் வாசித்தவர் மட்டுமே பொறுப்பு என்று காலையிலேயே தீர்மானித்துவிட்டோம்.

பெண் கல்வியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் பேசிய மூவரும் அதைச் சிறப்பாகப் பேசிவிட்டார்கள். அதனால் நாங்கள் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். நாலு பேர் கூடிய இடத்தில் சங்கடம் வந்து நிற்கும்போது ஒரு சிரிப்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் அது. பாடப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்த எங்களுக்கு இதைச் சொல்லித்தந்தவர்கள் இருந்தார்கள்.

இன்று காலை நோர்வூட் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பொகவந்தலாவைக்கு ஒரு ரோட்டும் மஸ்கெலியாவுக்கு ஒரு ரோட்டும் பிரிகிற அதே இடம். தேத்தண்ணிக் கடை வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. யார் யாரென்று தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். அப்போது ஒருத்தி சொன்னாள்: "என்னைத் தெரியலன்னா பரவாயில்ல. போன மாசம் கண்ணாடியில பார்த்தப்ப எனக்கே தெரியல." அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தோம், கட்டிப்பிடித்தோம், ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். "உனக்கு வயசாயிடுச்சு" என்று அவள் எங்களைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம். ஆனால் அது வேறு சிரிப்பு. ஒருத்தியாவது வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்திருப்பாள்.

இந்த இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் முதலில் பார்த்தது எட்டாம் வகுப்பில்.

அன்று பெற்றோர் கூட்டம். வேலை நாள், காலை பத்து மணி. டவுன் கடைக்காரர் வீட்டு அம்மாமார், கிளாக்கர் ஐயா வீட்டு அம்மா, டீமேக்கர் ஐயா வீட்டு அம்மா எல்லோரும் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். கடைசியாக ஒரு தாய் வந்தார். காலைக் கொழுந்து நிறுத்துவிட்டு, மலையிலிருந்து நேரே வந்திருந்தார். லயத்துக்குப் போய் உடுப்பு மாற்றினால் நேரம் போய்விடும். கூட்டம் முடிந்ததும் திரும்பவும் மலைக்குப் போக வேண்டும். இடுப்பில் படங்கு. தலையில் துணி. விரல்களில் கொழுந்துக் கறை. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் காலில் வழிந்துகொண்டிருந்தது.

பின் வாங்கிலிருந்து ஒரு குரல், "கொழுந்து நிறுக்கிற எடம் இங்க இல்லையே" என்றது. நாங்கள் சிரித்தோம். யாரோ ஒருத்தி சிரித்தாள் என்று இன்று சொல்லித் தப்ப முடியாது. எங்களில் பாதிப் பேருடைய அம்மாவும் அந்த நேரத்தில் அதே படங்கோடு ஏதோவொரு மலையில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் சிரித்தோம்.

டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "யார் வந்திருக்கிறது?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். "பக்கத்து வீட்டு அம்மா டீச்சர்" என்றாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு. டீச்சருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பொய் சொன்ன பிள்ளையைத் தண்டிப்பதா, பெற்ற தாயை எல்லோர் முன்னாலும் விசாரிப்பதா என்று டீச்சர் தவித்தது எங்களுக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அந்தத் தாய்தான் பேசினார். "ஆமாங்க டீச்சர், பக்கத்து வீடுதாங்க. சோறாக்கிப் போடுறதுக்கும் தலை பின்னி விடுறதுக்கும் மட்டும் இந்த வீட்டுப் பக்கம் வந்து போவேன். பெத்தவளுக்கு வேலையாம். அதான் என்னைய அனுப்பிட்டா."

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு கிளாக்கர் வீட்டு அம்மா சிரித்தார். அப்புறம் வகுப்பே சிரித்தது. டீச்சர் தன்னுடைய கதிரையை எடுத்துப் போட்டு, "பக்கத்து வீட்டு அம்மா, முதல்ல உட்காருங்க" என்றார். அந்தப் பிள்ளை பொய்க்காரி ஆகவில்லை. டீச்சர் கோபக்காரி ஆகவில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்த எங்களையும் அவர் குற்றவாளிகளாக்காமல் விட்டுவிட்டார்.

சிரிப்பு எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது என்றும், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்றும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் பிற்பாடு படித்தோம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது நான்கும் நான்கு சொற்களாகத்தான் இருந்தன. இப்போது விளங்குகிறது. பின் வாங்கிலிருந்து நாங்கள் சிரித்தது எள்ளல். அந்தத் தாய் எடுத்தது பேதைமையை. ஒன்றும் தெரியாதவர்போலத் தன்னை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தார்.

இதை அவர் எங்கே படித்தார்? பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது கொஞ்சம்தான். மலையில்தான் படித்திருக்க வேண்டும்.

பெரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது முதல் சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுப்பது வரை எங்கள் தாய்மார் நின்ற இடமெல்லாம் வாய்விட்டுப் பேச முடியாத இடம். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பென்சிலை வைத்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். சண்டை பிடித்தால் நாளைக்கும் அதே ஆள்தான், அதே தராசுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மனம் புழுங்கும். அதனால் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருந்தார்கள். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதென்று இரண்டு ராத்தல் கழிப்பார்கள். அப்போது ஒரு பாட்டி சொன்னது எங்கள் லயத்தில் பல வருடம் ஓடியது: "ஐயா, கழிச்ச தண்ணியயாவது திருப்பிக் குடுங்க. வீட்டுல தேத்தண்ணி வச்சுக்கிறோம்." வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கணக்கப்பிள்ளையும் சிரிப்பார். சில நாள் இரண்டு ராத்தல் ஒன்றாகும். சில நாள் ஆகாது. ஆனால் கழிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது. அதற்காக யாருடைய பெயரும் வெட்டுப்படவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது என்பதைத் தங்கைமார் அறிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், "தராசுக்கு ஆம்பள பொம்பள தெரியல, செக்ரோலுக்குத்தான் தெரியுது" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறோம். பகிடியாகச் சொல்லிச் சொல்லி அந்த அநியாயத்தை மறக்காமல் வைத்திருந்தார்கள். சம்பளம் சமமானது போராட்டத்தால்தான், பகிடியால் அல்ல. இரண்டையும் ஒரே வாய்தான் செய்தது.

1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தப் பாட்டுக்களில் அழுகை உண்டு, தாலாட்டு உண்டு, கங்காணிக்குக் குத்தலும் உண்டு. நேரே சொன்னால் அடி விழும். பாட்டாகச் சொன்னால் "பாட்டுத்தானே ஐயா" என்று நழுவிவிடலாம். எங்கள் பாட்டிமார் அந்த நழுவலில் தேர்ந்தவர்கள்.

வேலைக்களத்தை விட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு சட்டம். யாரை யார் கேலி பண்ணலாம் என்பதற்கு முறை இருந்தது. மச்சான், கொழுந்தியா, மதினி, மாமன் மகள், பாட்டி, பேரன் என்றால் எவ்வளவும் பேசலாம். மாமனார் எதிரே மருமகள் பல்லைக் காட்டக் கூடாது. புதிதாகக் கலியாணமாகி வந்த ஒரு அக்காவிடம் பெரட்டில், "எப்படி இருக்கு புது வாழ்க்கை?" என்று கேட்டார்கள். "பகலெல்லாம் கொழுந்தோட மல்லுக்கட்டு, பொழுது சாஞ்சா கொழுந்தனோட மல்லுக்கட்டு" என்றாள். கொழுந்தனை வைத்துச் சொல்லலாம். மாமியாரை வைத்துச் சொல்லியிருந்தால் அன்றே லயத்தில் பஞ்சாயத்துக் கூடியிருக்கும்.

எங்களில் பேராதனைக்குப் படிக்கப் போனவள் ராட்கிளிஃப் பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1940இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். கலியாணத்தால் இரண்டு குடும்பங்கள் சேர்கின்றன. ஆனாலும் இரண்டாகவே இருக்கின்றன. அந்த உறவு உரசாமல் இருக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மிகுந்த மரியாதையோடு விலகி நிற்பது. மற்றது, கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு கேலி செய்வது. உலகத்தின் பல மூலைகளில் இந்த வழக்கம் இருக்கிறதென்று அவர் எழுதியிருக்கிறாராம். "இதுக்கு எதுக்கு இங்கிலீசு? எங்க அத்தையே சொல்லுமே" என்றோம்.

அத்தை சொன்னதையும் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருத்தியின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட இரண்டு லொறி ஆட்கள் அதிகமாக வந்துவிட்டார்கள். சோறு பத்தவில்லை. பந்தியில் இலையைப் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தைதான் பந்திக்கு நடுவில் போய் நின்றார். "எங்க புள்ள அளவாத்தான் சாப்பிடும்னு காட்டலாம்னு அளவா ஆக்குனோம். நீங்க எல்லாம் சாப்பிடுற ஆளுங்கன்னு இப்பத்தான தெரியுது! ஒரு வெத்தல போடுங்க, அடுத்த அண்டா ஏறிருச்சு." பந்தி சிரித்தது. இதில் கவனிக்க வேண்டியது, அண்டா உண்மையிலேயே ஏறியிருந்தது. அடுப்பில் அண்டா இல்லாமல் இந்தப் பகிடியை விட்டிருந்தால் அது ஏமாற்று. அத்தை சிரிப்பால் வாங்கியது முக்கால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் சோறு வெந்தது.

சிரிப்பால் தாங்க முடியாத இடமும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. நாங்கள் படித்த காலம் அது நடந்துகொண்டிருந்த காலம். தவணை நடுவில் ஒரு பிள்ளையின் பெயர் இடாப்பில் வெட்டப்படும். அவ்வளவுதான். ஹட்டன் ஸ்டேசனிலிருந்து புறப்பட்ட அந்தக் கோச்சிக்கு "அழுகைக் கோச்சி" என்றே சனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் கூட்டாளி ஒருத்தியை அனுப்பப் போனோம். மேடை முழுக்க ஒப்பாரி. அவளுடைய அப்பா சன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "மண்டபத்துல எறங்குனதும் கடுதாசி போடுறோம். ஸ்டாம்பு ஒட்ட மாட்டோம். நீங்க காசு கட்டி எடுத்தாத்தான் எங்க ஞாபகம் இருக்கும்" என்றார். அழுதவர்களும் சிரித்தார்கள். கோச்சி நகரும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்புத் தாங்கியது. கடிதம் ஒன்று வந்தது. ஸ்டாம்பு ஒட்டித்தான் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. இந்த மலர் எங்கேயாவது உன் கைக்குக் கிடைத்தால், தங்கச்சி, காசு கட்டி எடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இந்த ஊரை விட்டு வெளியே போனபோது எங்களுக்கு வேறு சங்கடங்கள் வந்தன. எங்கள் பேச்சு வேறு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பேச்சு வேறு, மட்டக்களப்புப் பேச்சு வேறு. "கதைக்கிறது" என்றால் கதை சொல்வது என்று நாங்கள் நினைத்தோம். எங்களுக்குக் கை கொடுத்தது வானொலிதான். இலங்கை வானொலியின் "கோமாளிகள் கும்மாளம்" தொடரை நாங்கள் லயத்தில் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள். மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். ஆளுக்கொரு தமிழ். அது 1976இல் "கோமாளிகள்" என்று படமாகவும் வந்தது. விடுதியில் முதல் வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருத்தி அப்புக்குட்டி மாதிரிப் பேசிக் காட்ட, யாழ்ப்பாணத்துப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீர் பிழையாச் சொல்லுறீர்" என்று திருத்தினாள். பிறகு எங்கள் "வந்துச்சு, போச்சு" அவள் வாயில் வந்தது. அவள் எங்களைத் திருத்தினாள், நாங்கள் அவளைத் திருத்தினோம். இரண்டு பக்கமும் திருத்தியதால்தான் அது நட்பானது.

ஆனால் ஒரு கேள்வி எல்லா இடத்திலும் காத்திருந்தது. "எந்த ஊர்?" "நோர்வூட்." "நோர்வூட்ல டவுனா, எஸ்டேட்டா?" அந்த இரண்டாவது கேள்வி எங்கே போகிறதென்று நமக்கெல்லாம் தெரியும். எங்களில் சிலர் டவுன் என்று சொல்லியிருக்கிறோம். மறைக்கவில்லை. பிறகு எங்களில் கெட்டிக்காரியிடமிருந்து ஒரு பதிலைக் கற்றுக்கொண்டோம்: "எஸ்டேட்தான். காலையில நீங்க குடிச்சீங்களே தேத்தண்ணி, அது எங்க அம்மா பறிச்சது. சீனி மட்டும்தான் உங்க வீட்டுது." கேட்டவர் சிரிப்பார். அந்த ஆளுக்குத் தப்பிக்கவும் இடமிருக்கும். நமக்குத் தலை குனியவும் தேவையிருக்காது. லண்டனில் இருக்கும் எங்கள் கூட்டாளியிடம் தேயிலைப் பெட்டியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைக் காட்டி, "உங்கள் சொந்தக்காரியா?" என்று கேட்டார்களாம். "எங்கள் சொந்தக்காரி படத்துக்காக இவ்வளவு நேரம் நின்றிருந்தால் அரைப்பேர் போட்டிருப்பார்கள்" என்றாளாம். பிறகு அரைப்பேர் என்றால் என்னவென்று உட்கார்ந்து விளக்கினாளாம்.

தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பு அல்ல. பஸ்ஸிலும் வேலை செய்யும் இடத்திலும் ஒருவன் உங்கள் உடம்பையோ சாதியையோ லயத்தையோ சொல்லிவிட்டு, "சும்மா பகிடிக்குச் சொன்னேன், கோவிக்காதீங்க" என்பான். அதற்குச் சிரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பேசாமல் அவன் முகத்தைப் பாருங்கள். சங்கடம் யாருடையதோ அவனிடமே இருக்கட்டும். விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம்தான் என்று பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி அந்தப் பிள்ளையிடம் வருகிறோம். அவள் எங்கள் பதினொரு பேரில் ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டோம். அன்று நடந்ததன் மிச்சத்தை அவள் இன்று காலைதான் சொன்னாள்.

அன்று அவளை வாசல் வரை கூட்டிக்கொண்டு போன அம்மா, "வகுப்புக்குப் போ, நேரமாச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் லயத்துக்குப் போய்ப் பார்த்தால், அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இரவு வரை அவள் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்துக்கு வந்ததால் அன்றைக்கு அரைப்பேர். எங்கள் எல்லோரையும் காப்பாற்றிய அந்தப் பகிடிக்கு விலை கொடுத்தது ஒரே ஒருவர்தான்.

அவள் மன்னிப்புக் கேட்க முப்பது வருடமானது. அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதத்தில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எதுக்குடி? பக்கத்து வீட்டு அம்மாகிட்டயா மன்னிப்பு கேக்குற?" என்றாராம். இரண்டு பேரும் சிரித்தார்களாம். பிறகு அம்மா, "அன்னிக்கு எனக்கு வலிச்சுச்சு" என்றாராம். "அத சொல்லாம போயிருவேனோன்னு இருந்தேன்" என்றாராம்.

இதைக் கேட்டு நாங்கள் தேத்தண்ணிக் கடையில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பகிடி அந்தக் காலையைக் கடக்க உதவியது. வலியைச் சொல்லவும் கேட்கவும் தனியாக ஒரு நாள் வேண்டியிருந்தது. அந்த நாள் கிடைத்தது அவளுடைய அதிர்ஷ்டம். பின் வாங்கிலிருந்து சிரித்த எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்த மண்டபத்தில், அவருடைய மகள் முன்னால், கேட்கிறோம். அம்மா, எங்களை மன்னிக்க வேண்டும்.

அதிபர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். நூற்றாண்டு நினைவாக எங்கள் வகுப்பு ஏதாவது செய்ய வேண்டுமென்று பணம் சேர்த்திருக்கிறோம். கல்வெட்டு வேண்டாம். வாசலருகே கை கால் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும், மழையில் நனையாமல் உட்காரக் கூரையோடு ஒரு நீண்ட வாங்கும் கட்டித் தருகிறோம். பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கும்படி பணிவோடு கேட்கிறோம். மலையிலிருந்து வருகிற எந்த அம்மாவும் பிள்ளையைப் பார்க்க வந்ததற்காக அரைப்பேர் வாங்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்கும் பக்கத்து வீடு தேட வேண்டிய தேவை வரக் கூடாது.

அந்த வாங்கில் முதலாவதாக வந்து உட்காரும் அம்மாவுக்குத் தேத்தண்ணி எங்கள் செலவு. சீனியும் எங்களுடையதுதான்.